இடறாத படிக்கட்டு

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்களுடையது மாடி வீடு. இரண்டு கடைகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் படிக்கட்டு. ஒரு படி உயரம், அடுத்தது குட்டை, பாதியில் ஒரு திருப்பம். நஞ்சன்கூடு சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு அந்தப் படிகளைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், கீழே மண்டியில் மூட்டை தூக்கும் இருவர் வந்து அவனை நாற்காலியோடு இறக்குவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒருநாள் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "நிதானா, நிதானா" என்றார்கள். பருப்பு மூட்டை இறக்கும்போதும் அப்படித்தான் சொல்வார்கள், அதே குரலில்.

"நான் மூட்டை இல்லக்கா" என்றான் தம்பி. அதற்குப் பிறகு அவன் கீழே இறங்கவில்லை. பிசியோதெரபிக்கு வர மறுத்தான். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. கீழ்வீடு தேடி நான் அலையாத தெரு இல்லை. சக்கர நாற்காலி என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். அவன் இப்படியே போய்விடுவானோ என்று பயந்தேன். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

அவன் விடாமல் வைத்திருந்தது ஓர் ஆன்லைன் கேமை மட்டும்தான். ஃபேக்டரியில் அவனோடு வேலை பார்த்தவர்கள் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் அதில் கூடுவார்கள். ஒருநாள் அவனே கேட்டான்.

"நம்ம தெருவ அதுல ஒரு மேப்பா போடேன்க்கா. அவங்களோட ஒரு ரவுண்ட் நடந்துட்டு வரேன்."

விழுந்த பிறகு அவன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அன்றுதான். மேப் என்றால் கேமுக்குள் நடமாடக்கூடிய ஓர் இடம். நான் இன்டீரியர் ஆபீசில் அலமாரியும் கட்டிலும் வரைகிறவள். கம்ப்யூட்டரில் ஒரு தெருவைக் கட்டவா தெரியாது? டேப்பை எடுத்துக்கொண்டு கடை கடையாக அளந்தேன். எங்கள் அறையை அளந்தேன். எங்கள் படிகளை ஒவ்வொன்றாக அளந்தேன்.

கட்டினால் மட்டும் போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது. விளையாடுகிறவர்களே செய்யும் மேப்புகளைச் சோதித்து அனுமதிக்க ஒரு குழு இருக்கிறது. எல்லோரும் சம்பளம் வாங்காத, முகம் தெரியாத டெஸ்டர்கள். அவர்கள் சரி என்றால்தான் மற்றவர்கள் உள்ளே வர முடியும். திருப்பி அனுப்பிவிட்டால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

முதல் முறை ஸ்கூட்டர்களால் போயிற்று. தெரு நெடுக நிறுத்தியிருந்தேன், உள்ளபடியே. ஓடுகிறவன் சிக்கிக்கொள்கிறான், எந்த இடத்திலும் யாரும் சிக்கக் கூடாது என்று எழுதினார்கள். மண்டி மொஹல்லாவில் சிக்காமல் யார் நடந்திருக்கிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டர்களைத் தூக்கினேன். அடுத்த முறை, கடைச் சந்தில் இருட்டு அதிகம் என்றார்கள். விளக்கு போட்டேன். அதற்கடுத்த முறை படிக்கட்டு. இவ்வளவு கோணலாக யாராவது படி கட்டுவார்களா, திருப்பத்தில் முட்டிக்கொள்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்து பாருடா என்று டைப் அடித்து, அழித்தேன்.

தம்பி ஒவ்வொரு முறையும், "என்னாச்சுக்கா?" என்பான். இல்லை என்று தெரிந்ததும் "ஹோக்லி பிடு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அந்த 'போகட்டும் விடு'வைக் கேட்டதும் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவேன். கடைசியில் மானத்தை விட்டு அந்தக் குழுவில் எழுதினேன். என் தம்பி படுத்த படுக்கையாக இருக்கிறான், தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள் என்று. மேப்பைப் பற்றி மட்டும் எழுதவும் என்று பதில் வந்தது. அவர்களுடைய விதி அப்படி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் படியைக் குறை சொன்ன அதே டெஸ்டர்தான் தனியாக வழியும் சொல்லிக்கொடுத்தார். படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவைப் பதிக்க வேண்டுமாம். பார்க்கப் படி மாதிரியேதான் இருக்கும். கால் மட்டும் சரிவில் போகும், இடறாது. நல்ல மேப் என்றால் எல்லாப் படிக்கட்டிலும் அது இருக்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதித்தேன். இந்த முறை அனுமதித்தார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி தலைவாரிக்கொண்டான். மடியில் லேப்டாப், காதில் ஹெட்செட். கேமில் எங்கள் அறைக்குள் நின்றான். நண்பர்கள் தெருவில் கூடி, "பாரோ, கீழ பாரோ" என்று கன்னடத்தில் வாடா வாடா எனக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் படியில் இறங்கினான், திருப்பத்தைத் தாண்டிக் கடைசிப் படிவரை. தெருவுக்குப் போகாமல் திரும்பி ஏறினான். மறுபடி இறங்கினான். மறுபடி ஏறினான்.

"இடிக்கவே இல்லியேக்கா. என்ன பண்ணுன?"

சரிவைப் பற்றிச் சொன்னேன். அவன் ஹெட்செட்டைக் கழற்றினான்.

"அத நம்ம படிக்குப் போட முடியாதா?"

இதை நான் என்றோ ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்துவிட்டேன். நாற்காலி உருளும் அளவுக்குச் சரித்தால் பலகை தெருவைத் தாண்டி எதிர்க்கடை ஷட்டரையும் துளைத்துக்கொண்டு போகும். திருப்பத்தில் நாற்காலி திரும்பவே திரும்பாது. அளந்தவள் நான்தானே.

"முடியாதுடா" என்றேன்.

தலையாட்டினான். ஹெட்செட்டை மாட்டாமலே படியேறி, கேமில் இருந்த எங்கள் அறைக்குள் போய் நின்றான். திரையில் கீழே அவன் நண்பர்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள்.