மூன்று பேருக்கு வந்த அனுமதி

அந்த வருஷம் எங்கள் வீட்டில் வெளிநாட்டு விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவள் என் மகள் ஒருத்திதான். எனக்கு போர்ட் பிளேரில் ஹார்ட்வேர் கடை. கப்பலில் வந்த சரக்கை எடுக்கவும், ஆபீஸ்களில் இந்தியில் பேசிக் காரியம் முடிக்கவும் எனக்குத் தெரியும். போனில் ஓர் இங்கிலீஷ் படிவத்தைத் திறந்தால் மட்டும் மூன்றாவது கட்டத்துக்குள் கை ஓய்ந்துவிடும். என் மனைவியும் அப்படியே. மகனுக்கு ஒன்பது வயது. ஆகவே எல்லாம் மகள் தலையில் விழுந்தது. அவளுக்குப் பதிமூன்று முடிந்திருந்தது.

நாங்கள் போக வேண்டியது சிங்கப்பூருக்கு, என் லாத்தாவைப் பார்க்க. அக்காவை எங்கள் பக்கத்தில் லாத்தா என்போம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவளால் எங்கேயும் வர முடியாது. கொரோனாவால் இரண்டு வருஷம் மூடிக் கிடந்த எல்லையை அந்த டிசம்பரில் நிபந்தனைகளோடு திறந்தார்கள். பள்ளி விடுமுறையில் நான்கு பேருமாகப் போய்ப் பத்து நாள் இருந்து வருவதாக முடிவு செய்து டிக்கெட்டும் போட்டேன்.

கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக்குள் நெட் சரியாக வராது. மகள் பள்ளிவிட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்காருவாள். ஒரு நாள் இறங்கி வந்து, என் ஊசி சான்றிதழில் பிறந்த வருஷம் மட்டும் இருக்கிறது, தேதி முழுதாக வேண்டும் என்றாள். இன்னொரு நாள், பாஸ்போர்ட்டில் என் தகப்பனார் பெயர் முழுசாக இருக்கிறது, சான்றிதழில் ஓர் எழுத்துதான் இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றாள். அதற்காகவே மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். புறப்படுவதற்கு இரண்டு நாளுக்குள் எடுத்த டெஸ்ட்தான் செல்லும், இங்கே எடுத்தால் ரிசல்ட் வருவதற்குள் நேரம் போய்விடும், சென்னையில் எடுக்கலாம் என்று அவளே தீர்மானித்தாள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமா என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அனுமதிச் சீட்டுகள் வந்துவிட்டதாகச் சொல்லி என் போனுக்கு அனுப்பினாள். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், மூன்று தாள். பிரிண்ட் கடைக்காரரைத் திரும்பவும் பார்க்கச் சொன்னேன். வந்ததே மூன்றுதான் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடது எங்கேம்மா?"

"எனக்கு வராது அத்தா." தலையைத் தூக்கவில்லை. "பன்னிரண்டு வரைக்கும் ஊசி போடாமப் போகலாம். அதுக்கு மேல ரெண்டு ஊசியும் போட்டிருக்கணும். நம்ம நாட்டுல என் வயசுக்கு இன்னும் ஊசியே வரல."

எப்போது தெரியும் என்று கேட்டேன். படிவம் நிரப்ப ஆரம்பித்த இரண்டாம் நாளே தெரியும் என்றாள். அப்படியென்றால் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் என் பெயரையும் தேதியையும் திருத்த என்னை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் இங்கிலீஷில் சிங்கப்பூர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். வருந்துகிறோம், விதிவிலக்கு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. அதைக் காட்டினாள்.

அவள் சொல்லாத ஒன்று பிறகுதான் தெரியவந்தது. கடைக்குக் குழாய் வாங்க வந்த நர்ஸம்மா சொன்னார். பள்ளி யூனிஃபார்மோடு ஊசி போடும் வரிசையில் ஒரு பெண் நின்றதாம். "உமர் கித்னீ?" என்று இவர் வயதைக் கேட்க, "தேரா", பதிமூன்று என்றதாம். உன் வயதுக்கு இல்லை, வீட்டுக்குப் போ என்று அனுப்பினாராம். போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றதாம். அது உங்கள் மகள் என்று எனக்கு அப்போது தெரியாது என்றார் அவர்.

சீட்டுகள் வந்த அன்று மாலையே லாத்தாவுக்குப் போன் செய்தேன். ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டாம் என்றாள். ஆனால் பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். அது எனக்குக் கேட்டது. மனைவி, தான் மகளோடு இருந்துகொள்வதாகவும் நான் மகனை மட்டும் கூட்டிப் போகலாம் என்றும் சொன்னாள். அதுதான் சரியான வழி. இன்று யோசித்தால் அது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அன்று, குடும்பமாகப் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அந்த ஒன்பது வயதுப் பையனைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று ஒரு காரணமும் சொன்னேன். மகளிடம், "நாங்க போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "போயிட்டு வாங்க அத்தா" என்றாள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பெரார்கஞ்சில் மனைவியின் தங்கை வீடு இருக்கிறது. நல்லவர்கள்தான். பாக்குத் தோட்டம், வயல், இரண்டு மாடு. அங்கே மகளைக் கொண்டுபோய் விட்டோம். கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் கையில் கொடுத்தாள். எந்த இடத்தில் எந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் நான் யாரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

லாத்தா மெலிந்து, பாதி ஆளாகியிருந்தாள். என் தலையைத் தடவியபடி, பெரியவள் எங்கே, பெரியவள் எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்தேதான் கேட்டாள். வீடியோவில் கூப்பிட்டோம். பெரார்கஞ்சில் சிக்னல் இல்லை என்று மகள் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினாள். நல்லா இருக்கீங்களா மாமி, மருந்து சாப்பிட்டீங்களா என்று பெரிய மனுஷி மாதிரி விசாரித்தாள்.

மூன்றாம் நாள் டெஸ்டில் மகனுக்குப் பாசிட்டிவ் வந்தது. காய்ச்சல்கூட இல்லை, ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். லாத்தாவின் மகன் வேலையிலிருந்து நேராக வந்து, வாசலிலேயே நின்றபடி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். டயாலிசிஸ் செய்யும் இடத்தில் அவளைத் தனி நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது லாத்தா முகமூடி போட்டுக்கொண்டு, என்னைத் தொடாமல், லிஃப்டுக்குள் போய் நின்றாள். கதவு மூடும்வரை கையை ஆட்டினாள்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் அவள் வீட்டில், அவள் இல்லாமல் இருந்தோம். அவளுடைய பாத்திரத்தில் சமைத்தோம். அவளுடைய கட்டிலில் பையன் படுத்திருந்தான். பத்து நாளில் திரும்புவதாக இருந்தது பதினெட்டு நாளாயிற்று. எத்தனை நாள் அடைந்து கிடக்க வேண்டும், எப்போது மறுபடி டெஸ்ட் எடுக்கலாம், டிக்கெட்டை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொன்றையும் பெரார்கஞ்சிலிருந்து மகள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேரில் இறங்கப் பையனுக்கு நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். அவனுக்கு நெகட்டிவ் வரவே மாட்டேனென்றது. குணமானதற்கு டாக்டரிடம் கடிதம் வாங்கினால் விடுவார்களா என்று போர்ட் பிளேர் ஆபீஸுக்குப் போன் போட்டு இந்தியில் விசாரித்தவளும் அவள்தான். விடுவோம் என்றார்களாம். இதற்குள் பள்ளி திறந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் பெரார்கஞ்சிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். அதை அவள் சொல்லவில்லை, மனைவியின் தங்கை சொன்னாள்.

கிளம்பும் நாளில் லாத்தாவை அவள் மகன் வீட்டுக் கட்டடத்துக்குக் கீழே நின்று பார்த்தோம். அவள் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், நாங்கள் தரையில். அவ்வளவு தூரத்திலிருந்து பேச அவளுக்குக் குரல் இல்லை. போனில் பேசிக்கொண்டோம்.

ஊருக்கு வந்ததும் நேராகப் பெரார்கஞ்ச் போனேன். மகள் பையைத் தயாராக வைத்திருந்தாள். வாங்கி வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு நல்லா இருக்கு என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி முழுக்க அவள் அதிகம் பேசவில்லை. அப்புறம் அவள் வயதுக்கும் ஊசி வந்தது. பள்ளியிலேயே போட்டார்கள். கை வலிக்கிறது என்று இரண்டு நாள் படுத்திருந்தாள். இனிமேல் நீயும் போகலாம், அடுத்த விடுமுறையில் மாமியைப் பார்க்கப் போவோம் என்றேன். சரி என்றாள்.

அந்த விடுமுறைக்கு முன்பே லாத்தா போய்விட்டாள். செய்தி வந்தது ஒரு விடிகாலையில். அன்றைக்கே அடக்கம். இந்தத் தீவிலிருந்து யார் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் சென்னை தாண்டிப் போய்ச் சேர மறுநாளாகிவிடும். தெரிந்தும் கிளம்பினேன். மகள் எனக்காகப் படிவத்தை நிரப்பினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இப்ப டெஸ்ட் எல்லாம் வேண்டாம் அத்தா. ஊசி சான்றிதழ் மட்டும் போதும்" என்றாள்.

ஏர்போர்ட்டுக்கு அவளும் கூட வந்தாள். உள்ளே போவதற்கு முன் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. அன்று உன்னை விட்டுப் போனதில் என்மேல் கோபமா என்றேன்.

"கோபம் இல்ல. போகட்டுமான்னு கேட்டீங்க. மாமிக்கு உடம்பு சரியில்லாதப்ப நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? அம்மா இருக்கட்டுமான்னு கேட்டிருந்தா, இருக்கட்டும்னு சொல்லியிருப்பேன்."

வரிசை நகர்ந்தது, உள்ளே போனேன். மறுநாள் லாத்தாவின் மகன் என்னை அவளை அடக்கிய மண்மேட்டுக்கு அழைத்துப் போனான். துஆ செய்தேன். வெயில் கடுமையாக இருந்தது.

இப்போது எந்த நிபந்தனையும் இல்லை. என் மகள் மெயின்லேண்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லாத்தாவின் மகன் ஒவ்வொரு டிசம்பரிலும் எங்களைக் கூப்பிடுகிறான். நீயும் வாயேன் என்று நான் அவளிடம் கேட்கிறேன். ஒரு வருஷம் பரீட்சை என்றாள். போன வருஷம் காரணம் எதுவும் சொல்லவில்லை.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க அத்தா" என்றாள்.