காத்திருந்தவளுக்கு ஊர் காட்டிய கதை

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறக்காத காலம். பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் பாய்த்தோணியிலோ மோட்டார் லாஞ்சிலோதான் போய்வர வேண்டும். நாசரேத்திலிருந்து வந்து ஒரு கப்பல் ஏஜென்சியில் வாட்டர் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடுகிற வேலை. பேர்தான் பெரிசு, படுவது நாய்ப்பாடு.

சேர்ந்த வாரத்திலேயே பிலோமினா வந்தாள். இடிந்தகரைக்காரி. புருஷன் எங்கள் ஏஜென்சி கவனித்த கப்பலில் எஞ்சின் ரூம் ஆள். ஊரை விட்டுப் போய் ஒன்றரை வருஷம். கப்பல் அன்று ராத்திரி கிளம்புகிறது. சாயங்காலத் தோணியில் அவன் கரைக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகக் கேப்டன் அனுமதி கொடுத்திருந்தார். அவளோ காலையிலேயே வந்து வாசலில் நின்றாள்.

காலையில் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் வெளியே போகும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால்தான் திரும்பும். துறைமுகத்தில் எல்லோருக்கும் இதுதான் கடிகாரம். எங்கள் மேனேஜரும் அந்தக் கணக்கில்தான் பேசினார். ஊர்ப்பெருமையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஏலே, சாயந்திரம் வரைக்கும் இந்தப் பிள்ளை இங்கன நின்னு என்ன செய்யப் போவுது? பீச் ரோடு, மாதா கோயில், காட்டன் ரோடு எல்லாம் காட்டிக் கூட்டிட்டு வா. அதுக்கு முன்னால ஒரு தோணியும் வராது" என்றார்.

எனக்கும் ஊர் புதுசு. அலுவலக நேரத்தில் ஊர் சுற்றக் கசக்குமா? பீச் ரோட்டில் வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களின் உயரமான தூண்களைக் காட்டினேன். காட்டன் ரோட்டில் நைலக்ஸ் சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பெண்கள் காரிலிருந்து இறங்குவதை நானே வாய் பிளந்து பார்த்தேன். அவள் எதையும் பார்க்கவில்லை. தெருமுனை வரும்போதெல்லாம் கடல் தெரிகிறதா என்று திரும்புவாள்.

மாதா கோயிலில்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளை செத்து மூணு மாசம் ஆச்சு அண்ணாச்சி. அவரு அதுக்க மொகத்தையே பாத்ததில்ல. கடுதாசில எழுதக் கை வரல. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

பேக்கரிக்குக் கூட்டிப்போய் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் தோன்றிய அசட்டு ஆறுதல் அதுதான். அவள் ஒன்றைக்கூடத் தின்னாமல் அவனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பிக் கடற்கரைக்கு வந்தபோது ஒரு லாஞ்ச் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று கேட்டாள். நம்ம லாஞ்சுதான், கப்பலுக்கு ஏதாவது பேப்பர் கொண்டுபோகும் என்றேன். பின்பக்கம் ஒரு ஆள் கரையைப் பார்த்து நின்றான். முகம் தெரிகிற தூரமில்லை.

அலுவலகத்தில் மேனேஜர் எழுந்து நின்றிருந்தார். கப்பலில் ஒருவனுக்குக் கை நசுங்கிவிட்டதாம். அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க அவசரமாக லாஞ்ச் வந்திருக்கிறது. துணைக்கு வந்தவன் பிலோமினாவின் புருஷன். பீச் ரோடு முழுக்க ஓடித் தேடியிருக்கிறான். நாங்கள் பேக்கரியில் இருந்திருக்கிறோம். கை நசுங்கியவனின் வேலையையும் இவன்தான் பார்க்க வேண்டும் என்பதால் உடனே திரும்பச் சொல்லி உத்தரவு. சாயங்கால அனுமதியும் ரத்து.

அவன் விட்டுப்போன பொட்டலத்தை மேனேஜர் நீட்டினார். அவள் அங்கேயே பிரித்தாள். உள்ளே ஒரு சிறிய சட்டையும் கிலுகிலுப்பையும் இருந்தன. சட்டையை மடிமேல் விரித்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மேனேஜருக்கு அப்போதுதான் நான் விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக அனுமதியில்லை; கடைசி லாஞ்சில் சேதி சொல்லி அனுப்பட்டுமா என்று அவளிடம் கேட்டார்.

"வேண்டாம் சார். அங்கன அவருக்கு ஆரு இருக்கா, கட்டிப்பிடிச்சு அழ? வார வரைக்கும் தெரியாமலே இருக்கட்டும்" என்றாள்.

அந்தச் சட்டையோடு பஸ் ஏறினாள். கப்பல் ராத்திரி போய்விட்டது. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அது தூத்துக்குடிக்குத் திரும்பவில்லை. அவன் வந்தானா, அவள் எப்போது சொன்னாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

பின்னாளில் அந்த மேனேஜர் நாற்காலி எனக்கு வந்தபிறகு, கடல் தெரிகிற பக்கமாக வாசலில் ஒரு பெஞ்ச் போட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லுவது இதுதான்: காத்திருக்க வந்தவர்களைக் காத்திருக்க விடுங்கள். அழுதால் அழட்டும், ஊர் காட்டக் கூட்டிப் போகாதீர்கள். எத்தனையோ பெண்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து புருஷனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைப் பார்த்து நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. அது பிலோமினாவுக்குப் போட்டிருக்க வேண்டிய பெஞ்ச்.