அழகு மட்டும் சொல்லு

காலை பதினொன்று இருபதுக்குச் சத்தம் கேட்டது. வகுப்பறை ஜன்னல்கள் அதிர்ந்து அடங்கின. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. புகை எந்தத் திசையில் என்றுதான் பார்ப்பார்கள். பையன்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஆனைக்குட்டம் போகும் பாதைப் பக்கம் வெள்ளையாய் எழும்பிக்கொண்டிருந்தது. என் அம்மாவும் என்னோடு படித்த மாரிச்செல்வியின் அம்மாவும் அந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அடுத்தடுத்த அறைகளில் திரி செருகிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேறு கம்பெனிகளும் நிறைய உண்டு என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம்.

இப்போது என் மகளுக்கு அன்றைய என் வயது. பள்ளி வேன் கொஞ்சம் பிந்தினாலும் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன்.

தமிழ் ஐயா கதவைச் சாத்தினார். "வீட்டாளுக வந்து கூப்பிட்டாத்தான் வெளிய. அதுவரைக்கும் பாடம் நடக்கும். அடுத்து யாரு?"

அன்று பேச்சுப் பயிற்சி. ஒருவர் பேச வேண்டும். இன்னொருவர் எழுந்து, பழைய இலக்கணம் சொல்லும் பத்துக் குற்றங்களில் எவை அந்தப் பேச்சில் இருந்தன என்று சொல்ல வேண்டும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. "இவளுக்கு மாமியா வேலைக்கு இப்பவே ஆர்டர் வந்துருச்சுய்யா" என்பான் பின்பெஞ்சுக்காரன் ஒருவன்.

மாரிச்செல்வி எழுந்தாள். தலைப்பு தீபாவளி.

"தீபாவளிக்கும் எங்க வீட்டுல நானும் எங்கம்மாவும் மட்டுந்தான். அன்னைக்கு அது தூங்கும். சீசன் முடிஞ்ச அசதி. தெருவே வெடிச்சாலும் எந்திரிக்காது. நான் பக்கத்துல உக்காந்து அது மூச்சு விடுறதப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

அப்புறம் அம்மாவின் கை, அம்மாவின் சேலை, அம்மா வைக்கும் குழம்பு என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. தீபாவளி அதற்குள் திரும்பி வரவே இல்லை.

நான் எழுந்தேன். "மற்றொன்று விரித்தல், ஐயா. தீபாவளிய விட்டுட்டு அவ அம்மாவப் பத்தியே பேசிட்டா."

ஐயா ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். "இன்னைக்குக் குற்றம் வேண்டாம்மா. பத்து அழகுன்னு படிச்சோம்ல, அதுல ஒண்ணு சொல்லு. அழகு மட்டும் சொல்லு."

விதியை நடுவில் மாற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. யோசித்தும் பார்த்தேன், எந்த அழகும் தோன்றவில்லை. மாரிச்செல்வி உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் போனார்கள். வந்தவர்கள் ஐயாவின் காதில் மட்டும் ஏதோ சொன்னார்கள். கடைசியில் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். ஐயா அதற்குப் பிறகு யாரையும் பேசச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் என் அம்மா வந்தாள். காலில் செருப்பில்லை. தலைமுடியெல்லாம் சாம்பலும் பொடியும். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் கை நீட்டி மாரிச்செல்வியை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெற்ற மகள் நான் இருக்க, முதலில் அவளா என்று எனக்குச் சுருக்கென்றது.

"மாரி, இனிமே நீ நம்ம வீட்டுலதான் இருக்கணும் தாயி" என்றாள் அம்மா.