எஞ்சினை இறக்க "ஓம்" சொன்னவர்

பாரிசவாதம் வந்த பிறகு என் கணவரிடம் மிஞ்சிய சொல் ஒன்றுதான்: ஓம். தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். அது எந்த ஓம் என்பதை அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கராஜ்காரர் எங்கள் காரின் எஞ்சினையே கழற்றப் பார்த்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கார் பழசுதான். மகன் சின்னவனாக இருந்தபோது வாங்கியது. அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். "உந்தக் காரை வித்துப்போட்டு ஓட்டோவிலை போங்கோ அம்மா" என்று போன் எடுக்கும்போதெல்லாம் சொல்லுவான். ஓட்டோவுக்குள் ஏற இவருடைய வலது கால் மடியாது என்பது கனடாவில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் காரின் முன்கதவு அகலமானது. இவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, பிறகு கால்களைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். கை கால்களுக்குப் பயிற்சி தரும் இயன்மருத்துவத்துக்கு இவரைக் கொண்டுபோக எனக்கு அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. ஓட்டுவது நான்தான். இவருக்கு நல்ல காலத்திலேயே கார் ஓட்டப் பிடிக்காது. ரயர் மாற்றுவதும் ஒயில் மட்டம் பார்ப்பதும் எப்போதும் என் வேலைதான்.

மாரி தொடங்கிய நாட்களில் ஒரு காலை போர்ட்டிகோ சீமெந்தில் கறுப்பாக ஒரு வட்டம் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், எஞ்சின் ஒயில். நல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த பெரிய கராஜுக்குக் காரைக் கொண்டுபோனேன். அதன் சொந்தக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் ஒரு கறைகூட இல்லை.

"விடியப் பாத்தால் நிலத்திலை ஒயில் நிக்குது. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருற இடத்துக்குக் கீழைதான் சொட்டுது" என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு காரைச் சுற்றிப் போய், இவர் இருந்த மற்றப் பக்கத்து யன்னலில் குனிந்தார்.

"எவ்வளவு காலமாய் ஒழுகுது ஐயா?"

"ஓம்" என்றார் இவர்.

"சேர்விஸ் எல்லாம் ஒழுங்காய்ச் செய்யிறனீங்களோ?"

"ஓம்."

"தம்பி, அவருக்குக் கதைக்க வராது. என்னட்டைக் கேளுங்கோ" என்றேன்.

"சரி அம்மா" என்று எனக்குச் சொல்லிவிட்டு, பழையபடி இவரைப் பார்த்தே தொடர்ந்தார். "எஞ்சினுக்குப் பின்னாலை ஒயிலை மறிக்கிற சீல் பழுதாய்ப் போட்டுது ஐயா. கியர்பொக்ஸை இறக்கித்தான் மாத்த வேணும்."

நான் விடவில்லை. "மேலை எங்கையும் கசிஞ்சு, பின்பக்கத்தாலை வழிஞ்சு கீழை வரலாம்தானே? கழுவிப்போட்டு ஒருக்காப் பாத்தால் என்ன?"

அவர் சிரித்தார். "உது உங்களுக்கு விளங்காது அம்மா. நாங்கள் பாக்காத எஞ்சினே?"

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும் என்பதை விளங்கிக்கொள்ள அந்தப் படிப்புக்கூடத் தேவையில்லை. ஆனாலும் காரை விட்டுவிட்டு, இவரை மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்று செய்துதருகிறேன், நாளை தருகிறேன் என்று வாரங்கள் போயின. அந்த வாரங்களில் இவருக்கு இயன்மருத்துவம் இல்லை. வீட்டில் நான் கொடுத்த பயிற்சி போதவில்லை. மெல்ல விரியத் தொடங்கியிருந்த வலது கை விரல்கள் மறுபடியும் சுருண்டு இறுகிக்கொண்டன. அந்தக் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிடும்போது, அந்த மனிதரின் சிரிப்புத்தான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கார் வந்தது. வந்த அடுத்த நாளே சீமெந்தில் இன்னும் பெரிய கறை. முன்பு பின்னால் மட்டும் ஒழுகியது, இப்போது முன்பக்கத்திலும் நனைந்திருந்தது. திரும்பக் கொண்டுபோனேன்.

"பழைய கார் எண்டால் ஒழுகத்தான் செய்யும்" என்றார் கராஜ்காரர். "சரி, விட்டிட்டு நில்லுங்கோ, பாப்பம்."

இவரை இறக்கி, வேப்ப மர நிழலில் ஒரு கதிரையில் இருத்திவிட்டு, இவருடைய மருந்து வாங்க எதிரே இருந்த பாமசிக்குப் போனேன். அங்கே சனம். திரும்பி வந்தபோது காரின் பொனட் கழற்றப்பட்டு மதிலில் சாத்தியிருந்தது. ரேடியேற்றர் தண்ணீர் நிலமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு நேர் மேலே சங்கிலிக் கப்பியின் கொளுக்கி தொங்கியது.

"என்ன செய்யிறீங்கள்?" என்று கத்தினேன்.

"எஞ்சினை இறக்கிப் பிரிச்சுப் பாக்கப்போறம். ஐயாட்டைக் கேட்டுத்தான் தொடங்கினது. ஐயா ஓம் எண்டவர்."

மருந்துப் பையைக் காரின் கூரையில் வைத்தேன். இவருக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"இஞ்சருங்கோ, இந்தக் காரைக் குருநகர்க் கடலுக்கை தள்ளி விடுவமோ?"

"ஓம்" என்றார் இவர். கண்களில் ஒரு சிரிப்பு வந்தது. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"இந்தக் கராஜை எங்களுக்கு எழுதித் தரச்சொல்லிக் கேப்பமோ?"

"ஓம்."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கராஜ்காரர் சிரிக்கவில்லை.

"உந்த ஓமை வைச்சும் செய்வீங்களோ?" என்று கேட்டேன். "அவருக்கு வாய் வராது எண்டு முதல் நாளே சொன்னனான். வாய் இருக்கிற நான் பக்கத்திலை நிண்டு சொன்னது உங்கடை காதிலை ஏறேல்லை. எல்லாத்தையும் திரும்பப் பூட்டுங்கோ. பூட்டிற மட்டும் நான் இதிலைதான் நிப்பன்."

பூட்டினார்கள். புறப்படும்போது கராஜ்காரர் கதவருகே வந்து தணிந்த குரலில் சொன்னார். "உதை இனி ஆரும் திருத்தேலாது அம்மா. விக்கிறதெண்டால் சொல்லுங்கோ, நானே எடுக்கிறன்."

அப்போதுதான் எனக்கு வேறு விதமாகவும் யோசனை ஓடியது. திருத்தவே முடியாத காரை அந்த மனிதர் ஏன் எடுக்கிறார்?

அடுத்த நாள் பழைய பெயின்ற் தூரிகையால் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். சவர்க்காரத் தண்ணீரால் திரும்பக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டேன். காய்ந்ததும் என் முகப் பவுடர் டின்னைத் திறந்து எஞ்சினின் பின்பக்கம் முழுவதும் தூவினேன். ஒயில் எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து கறுக்கும், தடம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். இவரை முன்னால் ஏற்றிக்கொண்டு மயிலிட்டிக்குப் போனேன். எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும், இவரும் கடலைப் பார்த்துக் கனகாலம். துறைமுகத்தில் சிறிது நேரம் காற்று வாங்கிவிட்டு வீடு திரும்பினோம்.

போர்ட்டிகோவில் இவருக்குக் கதிரை போட்டு, இடது கையில் ரோச் லைற்றைக் கொடுத்தேன். "நான் காட்டுற இடத்துக்கு அடியுங்கோ" என்றேன். எட்டிப் பார்க்க முடியாத இடத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தேன். வெளிச்சம் என் விரலுக்குப் பின்னாலேயே வந்தது. கண்ணாடியில் தெரிந்தது: எஞ்சினின் மேல் மூடியின் பின்மூலையில் தொடங்கிய ஒரு கறுத்த கோடு, வெள்ளைப் பவுடருக்கு நடுவே நேரே கீழே இறங்கி, கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் போய் முடிந்தது. மேல் மூடிக்குக் கீழே ஒயில் கசியாமல் வைக்கும் காஸ்கெட்தான் போயிருந்தது. முதல் நாள் நான் சொன்னது அதைத்தான்.

ஆனால் முன்பக்கம் ஏன் புதிதாக நனைந்தது? எஞ்சினை ஸ்ரார்ட் செய்து ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்ளிருந்து புஸ் என்று காற்று முகத்தில் அடித்தது. அப்படி அடிக்கக்கூடாது. எஞ்சினுக்குள் சேரும் காற்றும் புகையும் வெளியேற மேல் மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போகும். அதைக் கழற்றினேன். அதன் வாய்க்குள் ஒரு போல்ட் இறுக்கி முறுக்கப்பட்டிருந்தது. புத்தம் புதுப் போல்ட். குக்கரின் ஆவி போகும் துவாரத்தை அடைத்துவிட்டு அடுப்பில் வைத்த மாதிரி, போக வழியில்லாத காற்று எஞ்சினின் ஒவ்வொரு இடுக்காலும் ஒயிலைத் தள்ளிக்கொண்டிருந்தது. கராஜுக்குப் போகும் முன் அந்தக் குழாயை நானே துடைத்துப் பூட்டியிருக்கிறேன். அன்று அதற்குள் எதுவும் இருக்கவில்லை.

போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். கோபத்தில் அழுகைதான் வந்தது. இவர் ரோச்சை மடியில் வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

புது காஸ்கெட் ஒன்று எடுப்பித்தேன். பழையது காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் போல இறுகி, கழற்றும்போதே துண்டு துண்டாக முறிந்தது. மூடி உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, புதியதை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு நட்டாக, அளவாக இறுக்கினேன். குழாயைத் திறந்தபடி பூட்டினேன். மறுநாள் காலை சீமெந்து காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த காலையும் அப்படித்தான். சிறிது ஈரம் எங்காவது இருக்கத்தான் செய்கிறது, பழைய கார் அல்லவா. நிலத்தில் சொட்டுவதில்லை. இவருடைய விரல்கள் திரும்ப விரிய மாதங்கள் எடுத்தன. சுண்டுவிரல் இன்னும் முழுதாக விரியவில்லை.

இயன்மருத்துவத்துக்குத் திரும்பப் போகத் தொடங்கிய நாளில் கராஜ் வாசலில் காரை நிறுத்தினேன். இவருடைய பக்கத்து யன்னல் திறந்திருந்தது. சொந்தக்காரர் வந்தார். நான் இறங்கிப் போய்ப் போல்ட்டை அவரிடம் நீட்டினேன்.

"இது உங்கடை சாமான். எங்கடை எஞ்சின் மூச்சு விடுற குழாய்க்குள்ளை கிடந்தது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெடியள் ஆரும் தெரியாமல் வைச்சிருப்பாங்கள் அம்மா."

"கார் திருத்தேலாது எண்டு சொன்னது பெடியளோ? எடுக்கிறன் எண்டு கேட்டது பெடியளோ?"

மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு யன்னலை நோக்கிக் குனிந்தார். ஆம்பிளைக்கு ஆம்பிளை கதைத்தால் சரிவரும் என்று நினைத்தாராக்கும்.

"ஐயா, நீங்களாவது அம்மாவுக்குச் சொல்லுங்கோ. வேலை எண்டால் பிழை வாறதுதானே?"

இவர் ஓம் சொல்லவில்லை. அவருடைய முகம் சிவந்திருந்தது. இடது கையால் யன்னல் சுற்றும் பிடியைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை மேலே சுற்றத் தொடங்கினார். அந்தப் பிடி எப்போதும் இறுக்கம். நின்று நின்றுதான் ஏறும். கராஜ்காரர் குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் என் இருக்கையில் ஏறினேன். உதவ வேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் கையை நீட்டவில்லை. கண்ணாடி முழுவதும் ஏறி முடிந்த பிறகுதான் காரை எடுத்தேன்.