பின்கண்ணாடியில் இருந்த பெயர்

காரின் பின்கண்ணாடியை உடைத்தது நான்தான். எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது லாரியிலிருந்து ஜல்லி தெறித்துவிட்டது என்றேன். தொழிற்சாலையில் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். ஓசூர்ப் பக்கம் ஓடும் லாரிகளைப் பார்த்த யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மகளின் படிப்பு மேசையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். மகள் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

மனைவி தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். பூக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டும் வேலை. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாலாவது படிக்கும் மகள் இருக்கிறாள். தரையில் உட்கார்ந்து எழுதி எழுதி முதுகு வலிக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்கிறதாம்.

“அது சும்மாத்தானே கெடக்குது. ஒரு புள்ள உக்காந்து படிக்கட்டுமே,” என்றாள் மனைவி.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லும்படியான காரணம் என்னிடம் இல்லை. வாய் சம்மதித்துவிட்டது, கை சம்மதிக்கவில்லை. காரின் பின்சீட்டை மடக்கிவிட்டு மேசையைக் கவிழ்த்து உள்ளே தள்ளினேன். இரண்டு இரும்புக் கால்கள் டிக்கிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

“இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. கால் இடிக்கும்,” என்றாள்.

காதில் விழுந்தது. விழுந்தும் டிக்கிக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

டியூப்லைட் வெடித்தாற்போல ஒரு சத்தம். அடுத்த நொடி கண்ணாடி முழுவதும் கற்கண்டு மாதிரி பொடித்துண்டுகளாகச் சரிந்து கொட்டியது. மேசை மேல், சீட் மேல், என் செருப்புக்குள். அவ்வளவு பெரிய கண்ணாடியில் உருப்படியாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. கார் வாங்கிய வாரம் அதன் மேல் மகளின் பெயரை ஒட்டியிருந்தோம். ஒரு முழ நீளத்துக்கு நிறமில்லாத பிளாஸ்டிக் பட்டை, அதில் மஞ்சளில் நான்கு எழுத்து. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவள். அந்தப் பட்டை மட்டும், தன் அடியிலிருந்த கண்ணாடித் துண்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டு, மேசை மேல் ஒரு துணி மாதிரி தொய்ந்து விழுந்து கிடந்தது.

மனைவி அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினேன். அந்தப் பட்டையைச் சுருட்டாமல் ஒரு அட்டையில் வைத்து, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் போட்டேன். சாயங்காலம் அந்தப் பெண்ணின் கணவர் ஒரு லோடு ஆட்டோவோடு வந்து மேசையை ஏற்றிக்கொண்டு போனார்.

இரவு முழுக்கத் தூறல். பின்பக்க ஓட்டையை மூடிப் பாலிதீன் தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. உள்கண்ணாடியில் பார்த்தால் வெறும் வெள்ளை.

அந்த உள்கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய பெயரை, காருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தால் வலமிடமாக மாறித்தான் தெரியும். ஆனால் ஓட்டுகிறவனின் தலைக்கு மேல் இருக்கும் சிறிய கண்ணாடியில் அது மறுபடி திரும்பி நேராகிவிடும். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது, கறுப்பாகத் தெரியும். நான்கு எழுத்தும் ஒழுங்காக. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கண்ணாடியில் வேறு எதுவோ தெரியும், இது தெரியாது. நான்கு வருடமாக நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். தொழிற்பேட்டை சிக்னலில், கெலவரப்பள்ளித் திருப்பத்தில், எங்கே பின்னால் பார்த்தாலும் முதலில் பெயர், அதற்குப் பின்னால்தான் லாரி.

கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று போனில் சொன்னதும் மனைவி, “நானும் வரேன்,” என்றாள். பொதுவாக அவள் என்னோடு காரில் வருவதில்லை. வேலைக்கும் பண்ணை வேனில்தான் போய் வந்தாள். அதனால் எனக்கு ஆச்சரியம்தான். ஷிப்ட் முடிந்ததும் பண்ணை வாசலில் அவளை ஏற்றிக்கொண்டேன்.

பாகலூர் ரோட்டில் கார்க் கண்ணாடிக்கென்றே ஒரு கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம். பாலிதீனைப் பிரித்து எட்டிப் பார்த்தார்.

“போட்டோ எடுத்தீங்களா சார்?”

“எதுக்கு?”

“ஐயோ, எல்லாம் கூட்டிட்டீங்களா? இன்சூரன்ஸ்காரங்க மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஒடைஞ்சது ஒடைஞ்ச மாதிரியே படம் எடுத்து, அவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் கை வெக்கணும். எப்படி ஒடைஞ்சது?”

நான் லாரி என்று ஆரம்பித்தேன்.

“கதவ வேகமா சாத்திட்டாரு,” என்றாள் மனைவி. “உள்ள மேச காலு இருந்துச்சு.”

அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைக்காரர் என்னைப் பார்க்காமல், “அதையே சொல்லுங்க. உள்ளதச் சொன்னா ஒரு கேள்வியோட முடியும்,” என்றார்.

முன்கண்ணாடியில் சின்ன விரிசல் என்றால் பசை ஊற்றி அடைத்துவிடலாமாம். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு தாள் வைத்து ஒட்டியது. பின்கண்ணாடி அப்படி இல்லை. ஆளைக் கிழிக்காமல் பொடியாக உதிர வேண்டும் என்றே சூடாக்கிச் செய்தது. ஓர் இடத்தில் பட்டால் போதும், மொத்தமும் போய்விடும். ஒட்டுப்போட வழியே கிடையாது. இதையெல்லாம் பழைய பசையைக் கத்தியால் அறுத்துக்கொண்டே சொன்னார்.

உள்ளேயிருந்து இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

“நோடி சார், இதப் பாருங்க, இதுவும் உங்க வண்டிக் கண்ணாடிதான், ஆனா முந்தின வருச மாடல். இந்தக் கோடுங்க இருக்கு பாருங்க, பனி பிடிச்சா சூடு பண்றதுக்கு. அதோட ஒயர் மாட்டற எடம் ரெண்டுலயும் வேற வேற. இதைப் போட்டுட்டா ஒயர் எட்டாது. மழையில பின்னால ஒண்ணும் தெரியாது. போட்டப்புறம் சுவிட்ச் அமுத்திப் பாத்துட்டுத்தான் கடையை விட்டுக் கெளம்பணும்.”

கண்ணாடி உட்காரும் சட்டத்தில் ஒரு மூலையில் துரு ஏறியிருந்தது. அதைச் சுரண்டி மருந்து அடிக்காமல் ஒட்டினால் ஒரே மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும் என்றார். மருந்து காயக் காத்திருந்த நேரத்தில் டிக்கியை ஒழுங்குபடுத்தினார். என் பையை நகர்த்தும்போது அட்டை வெளியே சரிந்தது. மஞ்சள் எழுத்துகளைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

“பாப்பா பேரா சார்? எந்த கிளாஸ் படிக்குது? எதிர்லயே ஸ்டிக்கர் கடை இருக்கு. ரெண்டு நாள் விட்டு வந்தீங்கன்னா இதே மாதிரி போட்டுக்கலாம்.”

“போட்டுக்கலாம்,” என்றேன் நான்.

“வேணாங்க,” என்றாள் மனைவி, அதே நேரத்தில்.

அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனார்.

கடை ஓரத்தில் பழைய கார் சீட் ஒன்றைப் பெஞ்சாகப் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தோம். வெளியே மறுபடி தூற ஆரம்பித்தது.

“ஏன் வேணாம்?” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. “மேசையும் போச்சு. இதுவும் போகணுமா?”

“இப்ப கேட்டாரில்ல, எந்த கிளாஸுன்னு.”

“தெரியாம கேட்டாரு.”

“எல்லாருந்தான் அந்தப் பேரப் பாத்துட்டுத் தெரியாம கேக்கறாங்க. பெட்ரோல் பங்க்ல கேக்கறாங்க. பண்ணை வாட்ச்மேன் கேட்டாரு, பாப்பாவ ஏன் ஒருநாள்கூட கூட்டியாரலன்னு. நீங்க வண்டிய நிறுத்திட்டுப் போயிடுவீங்க. உள்ள உக்காந்திருக்கறவ நான். எங்கிட்டதான் கேப்பாங்க.”

“நீ என்ன சொல்லுவ?”

அவள் சேலை நுனியில் ஒட்டியிருந்த ஒரு ரோஜா முள்ளைக் கிள்ளி எடுத்தாள்.

“மொதல்ல நாலாவதுன்னு சொன்னேன். இல்லன்னு சொல்ல வாய் வரல. அடுத்த வருசம் அதே வாட்ச்மேன் கேட்டாரு, அஞ்சாவதான்னு. ஆமான்னுட்டேன். அப்படியே வருசா வருசம் ஏத்திச் சொல்லிகினு வந்தேன். இப்ப எட்டாவது படிக்கிறா.”

நான் வருடங்களை விரல்விட்டு எண்ணினேன்.

“பத்தாவது வந்தா மார்க் கேப்பாங்க,” என்றாள். “அப்ப நான் என்ன சொல்றது?”

சொல்லும்போது அவள் அழவில்லை. கணக்கில் எங்கோ தவறு வந்துவிட்டது, எப்படிச் சரி செய்வது என்று கேட்பவளைப் போலத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. பண்ணை வேனில் போனால் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே போகலாம் என்று அவள் நினைக்கிறாள் போல என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் என் காரில் ஏறுவதில்லை என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அது உண்மை. பிறகு நான் உள்கண்ணாடியைப் பற்றி அவளிடம் சொன்னேன். அதில் பெயர் நேராகத் தெரியும் என்பதை, தினமும் படித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன் என்பதை.

“அதுல தெரியுமா?” என்றாள். “எனக்குத் தெரியாதே.”

டீ வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தவள், “உங்களுக்கு வேணும்னா ஒட்டிக்குங்க. நான் வேன்லயே போறேன்,” என்றாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே விட்டுக்கொடுத்தாள். அப்படி விட்டுக்கொடுத்த பிறகு ஒட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரர் வந்ததும், “ஸ்டிக்கர் வேணாம்,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பசையைச் சட்டத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடாகப் பிழிந்து கண்ணாடியை உட்கார வைத்தார்.

கிளம்பும்போது கதவோரம் நின்று சொன்னார்: “ஒரு நாளைக்கு முன்கதவுக் கண்ணாடி ஒண்ணை ரெண்டு விரல் எறக்கியே வைங்க. எல்லாத்தையும் மூடிட்டுக் கதவ சாத்தினா உள்ள இருக்கற காத்து புதுக் கண்ணாடியத் தள்ளும். ரெண்டு நாள் கழுவாதீங்க. பள்ளத்துல பாத்து விடுங்க. அப்புறம், எத்தனை கூட்டினாலும் பழைய கண்ணாடிப் பொடி இன்னும் ஆறு மாசம் வந்துக்கிட்டுதான் இருக்கும். வெறுங்கையால சீட் சந்துல தொழாவாதீங்க.”

இன்சூரன்ஸ் கடைசிவரை கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தாலும் எனக்கு மனம் ஆறியிருக்காது. அந்தப் பட்டையைத் தொழிற்சாலை லாக்கரில் வைத்தேன். பசை காயக் காயத் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒவ்வொரு முறை லாக்கரைத் திறக்கும்போதும் சீருடையை உதறிப் போட வேண்டியிருந்தது. ஒருநாள் விரலில் குத்தியது. அதன் பிறகு அட்டையோடு சேர்த்து ஒரு பழைய துண்டில் சுற்றி மேல்தட்டில் தள்ளிவிட்டேன். பிரித்துப் பார்ப்பதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. நான் காரை வெளியே எடுக்கும்போது மனைவி சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

“வேன் வரலியா?”

“வரும். என்னைய எறக்கி விட்டுட்டுப் போங்க.”

அன்றிலிருந்து அப்படித்தான் போகிறோம். வழியில் அதிகம் பேசுவதில்லை. பண்ணைக்குப் புதிதாக வந்த காவலாளி எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. அவருக்குக் கேட்க எதுவும் இல்லை. அவளை இறக்கிவிட்டதும் நான் வண்டியைத் திருப்பித் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். அரை மணி நேரப் பயணம். அந்த அரை மணி நேரம்தான் கஷ்டம். பின்னால் வருவதைப் பார்க்கப் பக்கத்துக் கண்ணாடிகளே போதும் என்று பழகிக்கொண்டேன். தலைக்கு மேல் பார்ப்பதில்லை.