பத்தொன்பது சுற்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நிஜமாக நடந்தது. என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நம்பமாட்டேன் என்பவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மாமாவுக்கு அதைவிடத் தெம்பில்லை. மற்ற விஷயங்களில் மாமா கொஞ்சம் அளந்துவிடுவார்தான், மறுக்கவில்லை. ஆனால் நேரத்தில் மட்டும் ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டார். அந்தப் பதினோரு நாளும் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாமாவுக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், இரவு பத்து முதல் காலை ஆறு வரை. அந்த வண்டியில் வலது கை, பாரத்தைத் தூக்கி இறக்கும் லீவர்களில் இருக்கும். ஸ்டீயரிங் முழுக்க இடது கைதான். அது வராவிட்டால் வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான். இருபது வருஷமாக வேறு வேலை தெரியாத மனுஷன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார். எட்டரைக்கு அக்கா தையல் யூனிட்டுக்குக் கிளம்பியதும், உள்தாழ்ப்பாள் போட்டு, தடித்த கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். ஊர் விழித்திருக்கும்போது தூங்குவது ஒரு தூக்கமா? உடம்பு படுத்திருக்கும், அவ்வளவுதான். எப்போது பார்த்தாலும் பாதி தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டவர் மாதிரியே இருப்பார்.

அந்தச் சோர்விலும் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய ஜப்பான் வாட்ச். பேட்டரி கிடையாது, தானாகச் சுற்றிக்கொள்வதும் கிடையாது, தினமும் கையால் சாவி கொடுத்தால்தான் ஓடும். அப்படி முப்பத்தொன்று வைத்திருக்கிறார். "முப்பத்தொரு சவலைப் பிள்ளைங்க, நான் ஒருத்தி முப்பத்திரெண்டாவது" என்பாள் அக்கா.

புது வாட்ச் வந்தால் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பின்மூடியில் இருக்கும் எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம் என்று நமக்கும் பாடம் எடுப்பார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கடைசியாக அதைக் கட்டியிருந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி ஊகமும் எழுதுவார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கீறலைப் பார்த்தே கொத்தனாரா வாத்தியாரா என்று சொல்லிவிடுவார்.

அன்று திங்கட்கிழமை. பழைய சாமான் கடையிலிருந்து முப்பத்திரண்டாவது வந்தது. வெள்ளி நிற டயல், பதினேழு கல் வைத்த மெஷின். எண் ஆறில் தொடங்கி எட்டில் தொடர்ந்தது. உள்ளே இருந்த மெஷினைப் பார்த்து, அறுபத்தாறு ஆகஸ்ட் என்று முடிவுகட்டினார். ஆனால் இரண்டு விஷயம் உதைத்தது. சாவி கொடுக்கும் திருகில் பற்களே இல்லை, அத்தனை வருஷம் திருகித் திருகி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அப்படி உழைத்த வாட்சின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மாற்றிய கண்ணாடியோ என்று பார்த்தார். இல்லை, ஓரம் மஞ்சள் தட்டிய பழைய கண்ணாடிதான். அடுத்தது, திருகுக்குப் பக்கத்தில் நகம் உரசிய தடம் வழக்கமான பக்கத்தில் இல்லாமல் எதிர்ப்பக்கம் இருந்தது. பட்டை சேரும் இடுக்கில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. குச்சியால் சுரண்டி முகர்ந்தார். பவுடர்.

நோட்டில் எழுதினார்: "இடதுகைக்காரர். ஆபீஸ் ஆள். கையை எங்கும் இடித்துக்கொள்ளாத நிதானஸ்தர்."

காலை 7:10க்கு முழுதாகச் சாவி கொடுத்து, நோட்டில் ஒரு டிக் போட்டார். சாவி கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் டிக் போடுவது அவர் பழக்கம். வாட்சைக் கழற்றக்கூட அலுப்பாக இருந்ததால் கட்டியபடியே தூங்கிப்போனார். எழுந்தபோது இடது கை மரத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று. கையை அடியில் போட்டுப் படுத்திருப்போம் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய் பதினைந்து நிமிடம் மரத்தது. புதன் நாற்பது நிமிடம். புதன் மாலைதான் நோட்டைப் பார்த்தார். திங்களுக்குப் பிறகு டிக்கே இல்லை. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ சாவி குடுத்தியா?"

"உங்க பொம்மைய நான் எதுக்குத் தொடப்போறேன்? தூக்கக் கலக்கத்துல நீங்களே குடுத்திருப்பீங்க."

நியாயமான பேச்சு. மாமா ஒப்புக்கொண்டார்.

அன்றிரவு, அதாவது வியாழன் விடிகாலை 3:10. மூன்றாம் அடுக்கு உயரத்தில் பாரம் இருக்கும்போது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இடது கை கழன்று மடியில் விழுந்தது. வண்டி அடுக்கில் உரசி நின்றது. கீழே ஒரு பெட்டி விழுந்து உடைந்தது. பெட்டி விழுந்த இடத்தில் கொஞ்சம் முன்புதான் ஒரு ஆள் நின்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ இப்படின்னா வண்டி சாவிய வாங்கிடுவேன்," என்றார் சூப்பர்வைசர். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றார் மாமா.

காலை ஏழு மணிக்கு வாட்சைக் கழற்றி, முழுதாகச் சாவி கொடுத்து, டிக் போட்டு, மேஜை டிராயரில் வைத்தார். எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்க்க. வெள்ளி இரவு ஒன்பதுக்கு நின்றது. முப்பத்தெட்டு மணி நேரம், சரியான கணக்கு. அந்த நாட்களில் கையும் நன்றாக இருந்தது. வியாழன் மாலையே டாக்டரைப் பார்த்திருந்தார். நரம்பில் கோளாறு ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள் என்று அவர் மாத்திரை கொடுத்திருந்தார். கை சரியானதற்குப் பெயர் மாத்திரைக்குப் போயிற்று.

அடுத்த திங்கள். நின்றுபோன வாட்சை அப்படியே கையில் கட்டிக்கொண்டார். சாவி கொடுக்கவில்லை. முள் ஒன்பதில் நின்றது. அக்கா போனாள். தாழ்ப்பாள் போட்டார். படுத்தார்.

3:05க்கு விழித்தார். இடது கை இருக்கும் இடமே தெரியவில்லை. வலது கையால் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

டிக்... டிக்... டிக்...

வாட்ச் 3:05 காட்டியது. ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை.

கை திரும்ப ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை மாமா தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். மல்லாந்து, கண்ணை மூடி, அவ்வப்போது மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இடது கையைப் போர்வைக்கு வெளியே நீட்டி. வாட்ச் கையில். வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னதாம். ஆனால் தெரியாமல் எப்படி வண்டி ஏறுவது?

1:50. ஃபேன் சத்தம் மட்டும்.

2:15. மாடிப்படியில் யாரோ ஏறிப் போனார்கள்.

2:20...

பவுடர் வாசனை.

கதவு திறக்கவில்லை. காலடிச் சத்தம் இல்லை. ஆனால் கட்டிலின் இடது ஓரம்... மெல்ல அமுங்கியது.

ஒரு கை அவர் மணிக்கட்டைத் தூக்கியது. சூடாக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. சில்லென்று இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்.

கைக்கு அடியில் மெத்தென்று ஏதோ நுழைந்தது.

இழுத்தார். கை வரவில்லை. அது அவருடைய கையாகவே இல்லை.

க்ரிக்...

க்ரிக்...

எண்ணினார். பயத்திலும் எண்ணினார். பத்தொன்பது.

பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக நீவி விட்டது. சுண்டுவிரல்... மோதிர விரல்... நடுவிரல்...

கட்டைவிரலில் நின்றது.

போன மாதம் பலகையில் நசுங்கிக் கறுத்துப்போன நகம். அதைத் தடவியது. திரும்பத் தடவியது.

"ச்சு... ச்சு..."

அவ்வளவுதான்.

2:24. கண்ணைத் திறந்தார்.

யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அவர் இடது கை, நான்காக மடித்த துண்டின் மேல் கிடந்தது. பீரோவில் இருந்த துண்டு.

வலது கையாலும் பல்லாலும் வாட்சைக் கழற்றினார். அன்று இரவு ஆகியும் இடது கை வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று முதல் முறையாக லீவு சொன்னார்.

புதன்கிழமை பழைய சாமான் கடைக்காரரிடம், வாட்சை விற்றவர் விலாசத்தைக் கேட்டு வாங்கினார். வியாழன் மதியம் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குப் போனார். கதவைத் திறந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. வாட்சைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எங்க அப்பாவோடதுதான் சார். போன வருஷம் தவறிட்டார். வீடு மாத்தும்போது சாமானோட சாமானா போயிருச்சு."

"அப்பா இடதுகைக்காரரா?"

"இல்லையே. அவருக்கு இடது பக்கமே வராது. பக்கவாதம். ஒன்பது வருஷம் படுக்கை."

மாமாவுக்கு நோட்டில் எழுதிய வரி ஞாபகம் வந்தது. கையை எங்கும் இடித்துக்கொள்ளாத நிதானஸ்தர்.

"அப்ப சாவி யார் குடுப்பா?"

"அம்மாதான். மதியம் சோறு ஊட்டி முடிச்சதும், கைக்கு அடியில துண்டு மடிச்சு வெச்சு, கட்டினபடியே எதிர்ல உக்காந்து குடுப்பாங்க. பவுடர் போட்டு விரல நீவி விடுவாங்க. ரெண்டு இருபது ஆனா அதான் அவங்க வேலை."

மாமா வாட்சைத் திருப்பி, தேய்ந்த திருகைப் பார்த்தார்.

"அம்மா எப்ப தவறினாங்க?"

"அம்மாவா? உள்ளதான் இருக்காங்க."

உள் அறையில், ஜன்னலோரம், நாற்காலியில் ஒரு வயதான அம்மாள். மடியில் நான்காக மடித்த துண்டு. மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நினைவு சரியில்ல சார். அப்பா போனதே தெரியாது. கொஞ்ச நாளா ஒரே புலம்பல். அப்பா கட்டைவிரல எங்கயோ இடிச்சுக்கிட்டார், நகம் கறுத்துப்போச்சுன்னு. முதல்ல கை திமிறுச்சு, இப்ப அடங்கிருச்சுன்னு சொல்றாங்க. நேத்துலேருந்து ஒரே அழுகை."

மாமா இன்னும் உணர்வு வராத இடது கையை வலது கையால் எடுத்து பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மகள் வாட்சை வாங்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அந்த அம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. ஒதுக்கி வைத்தார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வாட்ச் எதுக்கு? கை எங்க?"

மாமா படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் கையை வெளியே எடுக்கவில்லை.

அதன்பின் கை மூன்று நாளில் திரும்பியது. மாமா பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். மதியத்தில் தூங்குவதில்லை. வாட்ச் அந்த வீட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் தினமும் 2:20க்கு, விழித்திருக்கும்போதே, நாலு நிமிடம் இடது கை அவரிடம் இல்லாமல் போனது. அதனால் 2:18க்கே பாரத்தை இறக்கி, வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மாமா டீ குடிக்கிறார் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு நான் அக்கா வீட்டில் இருந்தபோது அந்த மகள் போன் செய்தார். அம்மா நாலாம் தேதியே தவறிவிட்டாராம். தகவல் சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

எனக்கு, பாவம் என்று தோன்றியது. நிம்மதியாகவும் இருந்தது.

"அப்ப இனிமே வண்டிய நிறுத்த வேணாம்ல மாமா," என்றேன்.

மாமா நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். நாலாம் தேதி வரை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருந்தது. 2:20 – 2:24. அதற்குப் பிறகு...

ஐந்தாம் தேதி, 2:20 – 2:31.

ஆறாம் தேதி, 2:20 – 2:48.

முந்தின நாள் சனிக்கிழமை, 2:20 – 3:40.

"முன்னெல்லாம் அவங்களுக்கும் வீட்டுல வேற வேலை இருந்துச்சு," என்றார் மாமா. குரலில் பயம்கூட இல்லை, அலுப்புதான். "இப்ப அவசரமே இல்ல."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 2:50. மாமாவின் இடது கை மடியில் கிடந்தது. பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, வலது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, நேரம் எழுதக் காத்திருந்தார்.