டைட்டில் என்ன என்று கேட்டார்கள்

கல்லூரியில் சேரப் போகும் பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். கிடர்பூர் துறைமுகக் கிடங்கில் வேலை. எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மகள் ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்கிறாள். புயல் அடிக்கும்போது கடல்நீர் ஹூக்ளி ஆற்றில் எவ்வளவு தூரம் ஏறிவரும் என்பதுதான் அவளுடைய கணக்கு. சாதாரணக் கம்ப்யூட்டரில் அது வருஷக்கணக்கில் ஓடுமாம். இப்படிப்பட்ட பெரிய கணக்குகளுக்காகவே பல நாடுகள் தங்கள் சூப்பர் கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து வைத்திருக்கின்றன. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் விண்ணப்பிக்கலாம். கேள்வி நன்றாக இருந்தால் இத்தனை மணி நேரம் என்று ஒதுக்குவார்கள். குறித்த நாளுக்குள் அடையாளத்தைக் காட்டி அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையாவிட்டால் அந்த நேரம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவளுக்கு நேரம் கிடைத்தது. உள்ளே நுழையத்தான் முடியவில்லை.

"பாஸ்போர்ட்ல ஒரு பேரு, டிகிரியில ஒரு பேருன்னு திருப்பி அனுப்பிட்டாங்கப்பா" என்றாள்.

நம் தமிழர்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்துக்குள் என் பெயர் இருந்தது. பட்டச் சான்றிதழிலோ 'குமாரி' என்று இருந்தது.

"இந்தக் குமாரி எங்கிருந்துப்பா வந்தா?"

என்னிடமிருந்துதான் வந்தாள். பவானிபூரில் அவளைக் கல்லூரியில் சேர்த்த அன்று படிவத்தை நான்தான் நிரப்பினேன். கிளார்க் "டைட்டில்?" என்றார். இந்த ஊர் வங்காளிகளுக்கு டைட்டில் என்றால் குடும்பப் பெயர். நான் திரு, திருமதி மாதிரி என்று நினைத்து, கல்யாணமாகாத பெண்ணாயிற்றே என்று, "குமாரி" என்றேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். வடக்கே அப்படிப் பெயருள்ள பெண்கள் நிறைய உண்டு. அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மார்க் ஷீட்டில் பார்த்தபோது மகளும், மரியாதைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள். புரியாத சொல்லை யாராவது கேட்டால் தெரிந்த மாதிரி பதில் சொல்லாதீர்கள். என்னவென்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இரண்டு பெயரும் ஒருத்தியுடையதுதான் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றார்கள் வெளிநாட்டுக்காரர்கள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். மேசையில் வேறொரு கிளார்க் இருந்தார்.

"மேஷோமொஷாய்" என்று பெரியவரைக் கூப்பிடும் மரியாதையோடு ஆரம்பித்தார். "பொண்ணோட உண்மையான டைட்டில் என்ன?"

"டைட்டிலே கிடையாது சார்."

"டைட்டில் இல்லாம மனுஷன் உண்டா? சரி, உங்க அப்பாவோட டைட்டில்?"

"அவருக்கும் இல்ல."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "தாதா, கேட்டீங்களா? மூணு தலைமுறையா டைட்டிலைத் தேடிக்கிட்டிருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். காரியம் ஆக வேண்டுமே என்று நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. அதில் மகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருந்தது. நான் அந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியதாக எழுதியிருந்தது. மறுபடி டைப் அடிக்கச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் முத்திரை விழுந்தது. மகள் கல்லூரி வாசலில் நின்றபடியே போனில் படமெடுத்து அனுப்பினாள். 'பெற்றுக்கொண்டோம், திங்கட்கிழமை பார்ப்போம்' என்று தானியங்கிப் பதில் வந்தது.

திங்கட்கிழமை பார்த்தார்கள். பெயர் சரிதானாம். ஆனால் உள்ளே நுழைவதற்கான கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்ததால் நேரம் வேறொருவருக்குப் போய்விட்டதாம். அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமாம். மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"யாருக்குடி குடுத்தாங்க?"

"தெரியாதுப்பா. அவங்களும் ஏதோ அவசரமாத்தான் கேட்டிருப்பாங்க."

அவள் அப்படி அமைதியாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இத்தனை நாட்டு இயந்திரங்களை ஒன்றாகக் கோக்கத் தெரிந்தவர்களுக்கு, குடும்பப் பெயர் இல்லாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு கட்டம் போடத் தெரியவில்லையே!

இப்போது அவள் பல்கலைக்கழகத் துறையிலிருக்கும் சின்ன இயந்திரத்தில் கணக்கை ஓட்டுகிறாள்.

"ஆறு முழுசுக்குமா?" என்று கேட்டேன்.

"அது தாங்காதுப்பா. ஒரே ஒரு வளைவு. முகத்துவாரத்துக்குப் பெரிய மிஷின் வேணும்."

"அப்போ துர்கா பூஜைக்கப்புறம் வர்ற புயலுக்குள்ள முழுக் கணக்கும் ஆயிடுமா?"

"ஆகாதுப்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.